‘தன்னைத் தாக்கும்’ என்னும் தொடரை நோயின் பெயரிலிருந்து விலக்குவது பற்றி

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

உடலின் நோய்த் தடுப்பாற்றலே மூளையில் அழற்சியை உண்டாக்கும் நோய் (ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ்) ஒன்றுக்குத் தமிழ்ப் பெயராக, ‘தன்னுடல்தாக்கு மூளைக்காய்ச்சல்’ என்று சென்ற வாரம் இக்குழுமத்தில் முன்வைக்கப்பட்ட சொல்லின் பொருள் விளக்கத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மனநலப் பிரிவு ஒன்றில் செவிலியாகப் பணிபுரியும் நான், ஏறத்தாழ இதே சொல்லை ஒரு தாயிடம் சொல்லி, அவர் அதை எப்படிக் கேட்டுக்கொண்டார் என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

விளவங்கோடு வட்டத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். ஒரு வாரம் தலைவலியும் இளங்காய்ச்சலும் இருந்து, பின்னர் உறக்கம் முற்றாகப் போய், அடுத்த வீட்டார் தன்னைக் கொல்லப் பார்ப்பதாக அவள் அலறத் தொடங்கியதும், ‘கோட்டி (பைத்தியம்) பிடிச்சிருக்கு’ என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் காட்டிய இடத்தில் மனப்பிறழ்வுக்கான மருந்து கொடுக்க, கைகால்கள் விறைத்தன. எங்களிடம் வந்த அன்று பேச்சு ஓரிரு சொல்லாகக் குறுகியிருந்தது; வாயில் ஒன்றுமில்லாமலே தாடை மென்றுகொண்டிருந்தது, உதடுகள் ஓயாமல் சுழித்தன. அந்த வாயசைவைக் கண்டுதான் மருத்துவர் நரம்பியல் பிரிவினரை அழைத்தார். எம்ஆர்ஐ படம் இயல்பாகவே இருந்தது. முதுகில் ஊசியிட்டு எடுத்த தண்டுவட நீரில்தான் இந்த நோய் என்ற விடை கிடைத்தது.

“உங்கள் மகளின் உடம்பு தன்னைத்தானே தாக்குகிறது” என்று தாயிடம் விளக்கினேன். அவர் மகளின் இரு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டி, “எனக்க மோளு அவளுக்க மேலுல ஒரு கீறலும் போடல்ல, சிஸ்டரே” என்றார்.

மனநலப் பிரிவில் ‘தன்னைத் தாக்குதல்’ என்றால் பொருள் ஒன்றுதான். மணிக்கட்டையும் நஞ்சையும் பற்றி நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வியின் சொல் அது. மூட்டுவாதத்துக்கோ தைராய்டு நோய்க்கோ வழங்கும்போது குறையில்லாத ஒரு சொல், இந்த வாசலுக்குள் வந்ததும் நோயாளியின் மேல் பழியாக விழுகிறது. ‘காய்ச்சல்’ என்பதும் பொருந்தவில்லை. மூளைக்காய்ச்சல் என்றதும் நம்மவர்களுக்குக் கொசுவும் தடுப்பூசியும் தொற்றும் நினைவுக்கு வருகின்றன. மேலும், மருத்துவமனைக்கு வரும் நாளில் பலருக்குக் காய்ச்சலே இராது. பாடநூல் வழியாகப் பழகிய ‘சுயதடைகாப்பு’ என்பதோ, தன்னைத் தானே காத்துக்கொள்வது என்று நேர்மாறான பொருளைத் தருகிறது.

நோயின் இயக்கத்தையும் பார்க்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் டால்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2007இல், டெரட்டோமா என்னும் கட்டி இருந்த 12 பெண்களிடம் என்எம்டிஏ ஏற்பிக்கு (நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருந்து வேதிச் செய்தியை வாங்கும் புரதம்) எதிரான பொருளை, அதாவது ஆன்டிபாடியை, கண்டு விவரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி சூலகத்தில் இருந்தது. அக்கட்டியில் நரம்புத் திசுவும் இருப்பதால், அதற்கு எதிராக உருவாகும் பொருள் மூளையில் உள்ள அதே ஏற்பியையும் பற்றுகிறது என்பது விளக்கம். எனினும் கட்டியே இல்லாத நோயாளிகளும் பலர் உண்டு. பற்றப்பட்ட ஏற்பிகளை நரம்பணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நரம்பணு பெரும்பாலும் அழிவதில்லை. மருத்துவத்தால் எதிர்ப்பொருள் குறையக் குறைய ஏற்பிகள் மீண்டும் மேற்பரப்புக்கு வருகின்றன. எனவே ‘தாக்கு’ என்ற சொல் சுட்டும் அழிவு இங்கே உண்மைக்கும் ஒத்துவரவில்லை.

ஆகவே நோய்க்குத் ‘தடுப்பாற்றல்வழி மூளையழற்சி’ என்னும் பெயரை முன்வைக்கிறேன். ‘தன்’ என்பது விடுபடுவதால் பெயரின் நுட்பம் சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இழப்பை எதிர்ப்பொருளின் பெயரில் ஈடுசெய்யலாம். ஆன்டிபாடிக்கு நாம் வழங்கும் ‘பிறபொருளெதிரி’ என்ற சொல் இங்கே முரண்படுகிறது, ஏனெனில் இது எதிர்ப்பது பிற பொருளை அன்று. அதைத் ‘தன்பொருளெதிரி’ என்றால் இணைச்சொல்லாகவும் நிற்கும், ஆய்வக அறிக்கையிலும் இடம்பெறும். நோயின் பெயரையே ‘தன்பொருளெதிரி மூளையழற்சி’ என்று வைக்கலாமா என்றும் எண்ணினேன். ஆய்வில் அத்தகைய தன்பொருளெதிரி எதுவும் அகப்படாமலே இந்நோய் எனத் தீர்மானிக்கப்படுபவர்களும் இருப்பதால் அதைக் கைவிட்டேன். ‘தடுப்பாற்றல் பிறழ்வு’ என்பதும் வேண்டாம். பிறழ்வு என்ற சொல்லை மனநோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

பெயரைப் பற்றி இவ்வளவு வாதிடுவதற்குக் காரணம், இங்கே காலம் முக்கியம் என்பதுதான். தடுப்பாற்றலின் மிகையைத் தணிக்க மெத்தில்பிரெட்னிசலோன், இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவையும், அவை போதாதபோது ரிட்டுக்ஸிமாப், சைக்ளோபாஸ்பமைடு ஆகியவையும் கைவசம் இருக்கின்றன. கட்டி இருந்தால் அகற்ற வேண்டும். என்எம்டிஏ வகை நோயாளிகள் 577 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், 24 மாதம்வரை கவனிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் நன்கு தேறியிருந்தார்கள். மருத்துவத்தை முன்கூட்டியே தொடங்கியவர்களுக்குப் பயன் கூடுதலாக இருந்தது. மனநோய் என்ற ஒரே பெயரோடு வீட்டில் கழியும் வாரங்கள் அந்தப் பயனிலிருந்துதான் கழிகின்றன.

அந்தத் தாயிடம் மறுநாள் வேறு விதமாகச் சொன்னேன்: “நோயைத் தடுக்கும் ஆற்றல் வழி மாறியதால் மூளையில் அழற்சி. அவள் செய்த தவறு ஏதுமில்லை. மருந்து இருக்கிறது.” அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், ஊரில் கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக. அன்று என்னிடம் முறையான பெயர் இல்லாததால் ‘மூளையழற்சி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். முன்னே என்ன அடை சேர்ப்பது என்பதே என் கேள்வி. ‘தடுப்பாற்றல்வழி’, ‘தடுப்பாற்றல்சார்’ இரண்டில் எது காதுக்கு இயல்பாக இருக்கிறது என்று அன்பர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.