கோப்பையில் கறுப்பு, பழுப்பாக விழுகிறது

மதுரையில் வீட்டிலேயே சப்ளிமேஷன் அச்சு (தாளில் அச்சிட்ட மையைச் சூட்டால் பொருளுக்கு மாற்றும் முறை) செய்துவரும் எனக்கு, கடந்த 3 வாரங்களாகப் பீங்கான் கோப்பைகளில் கறுப்பு மட்டும் பழுப்பேறி, காய்ந்த காப்பிக் கறைபோல விழுகிறது. கைப்பிடியை ஒட்டிய ஓரமும் வெளிறிப்போகிறது. நான்கு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர், பூச்சு ஏற்றிய 11 அவுன்ஸ் கோப்பை, 180 டிகிரி செல்சியஸ், 180 வினாடி என்பதே என் வழக்கமான அமைப்பு. நாசில் செக் (மைத் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு) சரியாக இருக்கிறது; தாளை மாற்றினேன், ஐசிசி புரொஃபைலை (நிறங்களைச் சரிப்படுத்தும் கோப்பு) மறுபடி நிறுவினேன், மக் பிரஸ்ஸின் (கோப்பையைச் சுற்றி அழுத்திச் சூடேற்றும் கருவி) அழுத்தத்தைக் கூட்டியதில் ஓரம் மட்டும் சற்றுத் தேறியது. ஆனால் அதே மையில் வெள்ளைப் பாலியஸ்டர் டி-ஷர்ட்டில் கறுப்பு கன்னங்கரேலென்று வருகிறது (பருத்தியில் இந்த மை பிடிக்காது என்பதால் அதைச் சோதிக்கவில்லை). புதிதாக வாங்கிய 36 கோப்பைகளில் 9 ஏற்கெனவே வீண். கோளாறு கோப்பையின் பூச்சிலா, பிரஸ்ஸின் சூட்டிலா என்பதை, மேலும் கோப்பைகளை வீணாக்காமல் எப்படிக் கண்டறிவது?