"உங்க சிப்புல பக் இருக்கு": வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் வேலை பார்ப்பவர்களின் அனுபவங்கள்

செயல்திறன் ஆய்வாளர்

தலைப்பில் உள்ள வாக்கியத்தைக் கேட்காதவர் இந்த வேலையில் இருக்க முடியாது. பெரும்பாலும் பக் (வடிவமைப்புப் பிழை) இருக்காது. ஆனால் வந்து சொன்னவர் பார்த்ததும் பொய்யாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம்.

அப்படி என்னிடம் வந்தவர்களில் மறக்க முடியாதவர் படச் செயலாக்க நிரல் எழுதுபவர். 1000 நெடுவரிசை உள்ள படம் வேகமாக ஓடுகிறது, 1040 இருந்தாலும் வேகம்தான், நடுவில் 1024 வந்தால் மட்டும் இழுக்கிறது என்றார். "பெரிய படம் சின்னப் படத்தைவிட வேகமா ஓடுதுன்னா அது சிப்போட தப்புதானே?" நியாயமான கேள்வி. கையோடு மூன்று அளவுகளுக்கும் நேரத்தை அளந்து கொண்டுவந்திருந்தார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அவருடைய நிரல் படத்தை 256 வரிசை உயரமுள்ள பட்டைகளாக எடுத்து, மேலிருந்து கீழாக, நெடுவரிசை நெடுவரிசையாகப் போகும். ஒவ்வொரு புள்ளியும் 4 பைட் ஃப்ளோட். 1024 நெடுவரிசை என்றால் ஒரு வரிசைக்கு 4096 பைட். ஆக, ஒரு புள்ளியிலிருந்து அதற்கு நேர் கீழே உள்ள புள்ளிக்குப் போக முகவரி 4096 தாண்ட வேண்டும்.

எங்கள் சிப்பில், கோருக்கு மிக அருகில் உள்ள சின்ன வேக நினைவகமான எல்1 தரவுக் கேச் 32 கேபி, லைன் எனப்படும் ஒரு துண்டுக்கு 64 பைட், 8 வழி; அதாவது லைன்கள் செட்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு செட்டிலும் 8 லைனுக்கு இடம். வகுத்துப் பார்த்தால் 64 செட். முகவரியில் 6-வது பிட்டிலிருந்து 11-வது பிட் வரை உள்ள ஆறு பிட்தான் எந்த செட் என்று தீர்மானிக்கின்றன. 4096-ஐக் கூட்டினால் அந்த ஆறில் ஒன்றுகூட அசையாது. 256 லைனும் ஒரே செட்டில் போய் விழும்; அங்கே இருப்பதோ 8 இடம். மற்ற 63 செட்டும் சும்மா கிடக்க, இந்த ஒன்றில் மட்டும் அடிதடி. ஒரு லைனில் 16 புள்ளி வந்திருக்கும், ஆனால் அடுத்த நெடுவரிசைக்கு நகர்வதற்குள் அந்த லைனையே வெளியே தள்ளியிருக்கும். 1040 என்றால் வரிசைக்கு 4160 பைட். ஒவ்வொரு வரிசையும் ஒரு செட் தள்ளி உட்காரும். 256 லைனும் சேர்ந்து 16 கேபிதான் என்பதால் தாராளமாக அடங்கிவிடும். பதினாறில் பதினைந்து முறை தேடிய புள்ளி கேசிலேயே கிடைக்கும்.

பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியில் எல்1 மிஸ் கவுன்டரை, அதாவது தேடியது கேசில் கிடைக்காத தடவைகளின் எண்ணிக்கையை, காட்டியதும் புரிந்துகொண்டார். வரிசைக்கு 16 புள்ளி உபரியாக ஒதுக்கினார், தீர்ந்தது. ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. "ஏன் அந்த ஆறு பிட்டை மட்டும் பாக்குறீங்க? மேல உள்ள பிட்டையும் கலந்து ஹாஷ் பண்ணினா இந்தச் சிக்கலே வராதே?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரிய கடைசி நிலைக் கேச்களில் அப்படிச் செய்வதுண்டு. எல்1-இல் தயங்குவதற்குக் காரணம் ஓஎஸ் (இயக்க முறைமை). நினைவகத்தை அது பக்கங்களாகப் பிரித்து, நிரல் பார்க்கும் மெய்நிகர் முகவரிக்கு நிஜ முகவரி ஒன்றைத் தருகிறது. பக்க அளவு 4 கேபி என்றால் முகவரியின் கீழ் 12 பிட் மெய்நிகர் முகவரியிலும் நிஜ முகவரியிலும் ஒன்றே. அந்தப் பிட்களை மட்டும் வைத்து செட்டைத் தேர்ந்தெடுத்தால், டிஎல்பி என்ற முகவரி மாற்று அட்டவணை நிஜ முகவரியைத் தரும் அதே நேரத்தில் கேசையும் திறந்துவிடலாம். மேல் பிட் வேண்டும் என்றால் டிஎல்பிக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு தொல்லைகளைச் சமாளிக்க வேண்டும். அதனால்தான் 4 கேபி பக்கமும் 8 வழியும் வைத்தால் எல்1 32 கேபியில் வந்து நிற்கிறது. 16 கேபி பக்கம் வைத்திருக்கும் ஆப்பிள் எம்1-இன் பெரிய கோர்களில் எல்1 தரவுக் கேச் 128 கேபி இருப்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மென்பொருள்காரர்கள் எப்போதோ தேர்ந்தெடுத்த ஒரு எண், கேசின் உருவத்தையே தீர்மானிக்கிறது.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

டிரைவர் எழுதுபவர்

என் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து. நான்தான் அந்த "சிப்புல பக்" ஆசாமி.

ஒரு புதிய சாதனத்துக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தோம். இன்டரப்ட் (கவனி என்று சாதனம் தரும் சைகை) வரும், அதற்குரிய ஹேண்ட்லர் நிரல் ஓடும், சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 1 எழுதி அந்தச் சைகையை அழிக்கும், திரும்பும். திரும்பிய மறுநொடி இன்னொரு இன்டரப்ட். உள்ளே போய் ஸ்டேட்டஸைப் படித்தால் பூஜ்யம், எதுவுமே நடக்கவில்லை என்கிறது. ஒவ்வொரு முறையும் இல்லை; சில நேரம் மட்டும். அதுவும் பிரின்ட் போட்டுப் பார்த்தால் வரவே வராது. இந்தக் கடைசி அறிகுறி டிரைவர் எழுதுகிற எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆர்டிஎல் (சிப்பின் சுற்றை விவரிக்கும் நிரல்) எழுதிய பொறியாளர் அதே காட்சியை சிமுலேஷனில் ஓட்டி, வேவ்ஃபார்மை, அதாவது கம்பிகளின் நிலை நேரத்தோடு மாறும் வரைபடத்தை, திரையில் விரித்தார். சிபியு எழுதுகிறது, நடுவில் உள்ள பஸ் பிரிட்ஜ் (இணைப்புச் சுற்று) அதை வாங்கித் தன் பஃபரில் வைத்துக்கொண்டு உடனே "சரி, ஆயிற்று" என்று பதில் தருகிறது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட மாதிரிதான். போட்டவர் வீட்டுக்குப் போய்விடலாம், கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை. ஹேண்ட்லர் முடிந்து சிபியு இன்டரப்டை மீண்டும் திறக்கும்போது, சாதனத்தின் இன்டரப்ட் கம்பி இன்னும் உயரத்திலேயே இருக்கிறது. அதனால் சிபியு மறுபடி உள்ளே குதிக்கிறது. ஸ்டேட்டஸைப் படிக்கப் போகும்போது, அந்தப் படிப்பு பஃபரில் இருக்கும் எழுத்தை முந்த முடியாது. எழுத்து முதலில் போய்ச் சேர்ந்து ஸ்டேட்டஸை அழிக்கிறது, படிப்புக்குப் பூஜ்யம் வருகிறது. பிரின்ட் போட்டால் ஏன் காணாமல் போகிறது என்பதும் திரையிலேயே தெரிந்தது: பிரின்ட் தின்னும் நேரத்துக்குள் எழுத்து போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தீர்வு ஒரே வரி: எழுதிய ரெஜிஸ்டரைத் திரும்ப ஒரு முறை படித்துவிட்டு ஹேண்ட்லரை விட்டு வெளியே வருவது.

இதில் யார் பக்கம் தவறு என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. "எழுத்து உடனே போய்ச் சேரும்னு எந்த ஆவணத்துல இருக்கு?" என்று அவர். "தாமதமாகும்னு எந்த ஆவணத்துல இருக்கு?" என்று நான். இரண்டுமே இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து ரெஜிஸ்டர் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்தோம். அடுத்த டிரைவர்காரர் அதைப் படிப்பார் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை, இருந்தாலும் எழுதி வைத்தோம்.

ஒலிச் செயலிகளில் இருப்பவர்

சின்ன அனுபவம். எதிரொலி ஃபில்டர் ஒன்று. இசை ஓடும்போது சிபியு சுமை சாதாரணமாக இருக்கும். இசையை நிறுத்தி அமைதியானதும் சுமை எகிறும்! எங்கள் குழுவில் ஒருவர் பேய் என்றே பெயர் வைத்துவிட்டார்.

எதிரொலி தேய்ந்து தேய்ந்து எண்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. சிங்கிள் பிரிசிஷனில் (4 பைட் ஃப்ளோட்) சாதாரண எண்ணின் அடிமட்டம் சுமார் 1.18-ஐ 10-இன் மைனஸ் 38-வது அடுக்கால் பெருக்கியது. அதற்கும் கீழே போனால் டீநார்மல், அதாவது துல்லியம் குறைந்த மிகச் சிறு எண். பல செயலிகளில் இதற்கு வன்பொருள் வேகப் பாதை கிடையாது. மைக்ரோகோடு (செயலிக்குள் இருக்கும் சிறு நிரல்) உதவிக்கு வரும், ஒரு பெருக்கலுக்கு நூறு சைக்கிளுக்கு மேலும் போகும். காதுக்கே கேட்காத ஒலிக்கு அத்தனை உழைப்பு. டீநார்மலைப் பூஜ்யமாக்கும் கட்டுப்பாட்டு பிட்டைப் போட்டதும் பேய் ஓடிவிட்டது.

சரிபார்ப்புப் பொறியாளர்

டிரைவர் நண்பர் சொன்ன வாக்குவாதத்தில் நான் வன்பொருள் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. மென்பொருள்காரர்கள் "ஒரு பேட்ச் விட்டுவிடலாமே" என்று சொல்லும்போது எங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. டேப்-அவுட் ஆன பிறகு, அதாவது வடிவமைப்பு தயாரிப்புக்குப் போன பிறகு, சிலிக்கானில் ஒரு லாஜிக் கேட்டை நகர்த்துவதென்றால் மாஸ்க் (சிப்பில் வடிவத்தைப் பதிக்கும் அச்சு) மாற்ற வேண்டும், பணம், பல மாதங்கள். அதனால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் "மென்பொருளில் சுற்றிப் போக வழி உண்டா?" என்பதுதான். இது அலட்சியம் மாதிரித் தெரியும். அலட்சியம் இல்லை.

அதே சமயம், எங்கள் ஆட்களுக்கு நான் அடிக்கடி நினைவுபடுத்துவது இன்டெல் பென்டியம் செயலியின் வகுத்தல் விவகாரம். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகளின்) தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் விடை உதைத்தது. உடனே அவர் சிப்பைக் குறை சொல்லவில்லை. தன் நிரல், கம்பைலர், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் இன்டெலைத் தொடர்புகொண்டார். காரணம், வகுத்தல் சுற்றின் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய ஐந்து மதிப்புகள் இல்லாமல் போனது. அதற்காக அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். எனவே ஒருவர் நைஸ்லி மாதிரி மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டு வந்து நின்றால், அவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். முதலில் வந்த படச் செயலாக்க நண்பரையும் அந்த வகையில்தான் சேர்ப்பேன், அவர் கொண்டுவந்தது பக் இல்லாவிட்டாலும்.

கம்பைலர் குழுவில் இருப்பவர்

நாங்கள் இரு பக்கமும் அடி வாங்குகிறவர்கள். "பல வருஷமா ஓடின கோடு, புது மெஷின்ல உடையுது, கம்பைலர்தான் காரணம்" என்று ஒரு புகார் வந்தது. ஒரு திரெட் (நிரலின் தனி ஓட்டம்) தரவை எழுதிவிட்டுக் கொடி ஒன்றை 1 ஆக்குகிறது. இன்னொரு திரெட் கொடி 1 ஆனதைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறது. இன்டெல் வகைச் செயலியான எக்ஸ்86-இல் ஓடுகிறது. வேறு வகைச் செயலியான ஆர்மில் எப்போதாவது ஒரு முறை பழைய தரவு வருகிறது.

எக்ஸ்86-இல் ஒரு கோர் செய்யும் இரண்டு எழுத்துகள் மற்ற கோர்களுக்கு வரிசை மாறித் தெரியாது. இரண்டு படிப்புகளும் அப்படித்தான். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது, நிரலாளர் கேட்டு வாங்க வேண்டும். 2011-இல் வந்த சி++ தரத்தில் அதற்கான அட்டாமிக்குகள் (வரிசை காக்கும் மாறிகள்) இருக்கின்றன: எழுதும் பக்கம் ரிலீஸ், படிக்கும் பக்கம் அக்வயர். புகார் சொன்னவர் கோடில் இருந்ததோ வாலட்டைல் என்ற குறிச்சொல் மட்டும். அது கம்பைலரைக் கட்டுப்படுத்தும், கோரைக் கட்டுப்படுத்தாது. இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம், வன்பொருள்காரர்கள் மனது வைத்தால் பாரத்தைத் தாங்களே சுமக்கவும் செய்வார்கள். ஆப்பிள் எக்ஸ்86-இலிருந்து தன் சொந்தச் சிப்புக்கு மாறியபோது, பழைய நிரல்களை ரொசெட்டா 2 மொழிமாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் தடை போட்டால் வேகம் படுத்துவிடும். அதனால் எக்ஸ்86 மாதிரியே வரிசை காக்கும் முறை ஒன்றைக் கோரிலேயே வைத்து, மொழிமாற்றிய நிரல் ஓடும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். மென்பொருள் சிக்கலுக்கு இவ்வளவு நேரடியாக வன்பொருள் கைகொடுத்தது வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறானது மிப்ஸ் செயலியின் பிராஞ்ச் டிலே ஸ்லாட்; பிராஞ்ச் என்பது நிரலை வேறு இடத்துக்குத் தாவச் செய்யும் கட்டளை. பிராஞ்சுக்கு அடுத்த கட்டளை எப்படியும் ஓடிவிடும், அந்த இடத்தைக் கம்பைலர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைய சின்ன பைப்லைனுக்கு (கட்டளைகளைப் படிப்படியாகச் செய்யும் வரிசைக்கு) அது கச்சிதம். பிறகு பைப்லைன் நீண்டது, பிராஞ்ச் கணிப்பான்கள் (தாவல் எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகிப்பவை) வந்தன; ஆனால் அந்த ஸ்லாட் கட்டளைத் தொகுப்பிலேயே எழுதப்பட்டுவிட்டதால் எடுக்க முடியவில்லை. பின்னால் வந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில் அதைச் சேர்க்கவே இல்லை. 1964-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தபோதே, நிரலாளர் பார்க்கும் முகம் வேறு, உள்ளே கட்டுவது வேறு என்று பிரித்துத்தான் விலையிலும் வேகத்திலும் வேறுபட்ட பல மாடல்களில் ஒரே நிரலை ஓட்டினார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் இன்றுவரை சண்டை.

படித்துக்கொண்டிருப்பவர்

அண்ணா, எல்லாரும் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச மாதிரி பேசுறீங்க. எனக்கு சி தெரியும், சிப் சுற்றை எழுதுற வெரிலாக் கொஞ்சம் தெரியும். நடுவுல இருக்கிறது எங்க கத்துக்கிறது?

செயல்திறன் ஆய்வாளர்

தம்பி, நடுவில் உள்ளதைத் தனிப் பாடமாக நான் யாரிடமும் படிக்கவில்லை. அளந்து பார்த்து, எண் உதைக்கும் இடத்தில் தோண்டித்தான் வந்தது. திறந்த மூலத்தில் கிடைக்கும் சின்ன ரிஸ்க்-ஃபைவ் கோர் ஒன்றை எடுத்து, வெரிலேட்டர் என்ற சிமுலேட்டரில் ஓட்டி, நீங்களே எழுதிய பத்து வரி சி நிரல் ஒவ்வொரு சைக்கிளிலும் என்ன ஆகிறது என்று வேவ்ஃபார்மில் பாருங்கள். ஒரு லோட் கட்டளைக்காகப் பைப்லைன் நிற்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தால், அப்புறம் கோடு படிக்கும் விதமே மாறும்.

நிஜ மெஷினில் ஆரம்பிக்க வேண்டும் என்றால் இது போதும். 0 முதல் 255 வரை தாறுமாறான எண்கள் நிறைந்த பெரிய வரிசை ஒன்றை எடுத்து, 128-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் இஃப் போட்டுக் கூட்டுங்கள். பிறகு அதே வரிசையை அடுக்கிவிட்டுக் கூட்டுங்கள். இரண்டுக்கும் பெர்ஃபில் பிராஞ்ச் மிஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். தவறிய கணிப்பு ஒன்றுக்குப் பதினைந்து, இருபது சைக்கிள் போகும் என்று வைத்து, நேர வித்தியாசத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நேரம் எடுத்தால் குழம்ப வேண்டாம். கம்பைலர் அந்த இஃபை தாவல் இல்லாத நிபந்தனை நகர்த்தலாகவோ பல எண்களை ஒன்றாகச் செய்யும் வெக்டர் கட்டளைகளாகவோ மாற்றியிருக்கும். அசெம்பிளியைத் திறந்து பாருங்கள், பிறகு உகப்பாக்க அளவைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.