உதவி: வந்தவாசியிலிருந்து காரில் வடசென்னை – மீஞ்சூர் டு திருவொற்றியூர் ரோட்டில் புதுசா ஓட்டுறவன் போகலாமா?

வந்தவாசி வண்டி

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அன்னைக்கு ஒரே நாள்ல மூணு அம்மனையும் பார்க்கணும்னு அம்மா வேண்டியிருக்காங்க. காலையில மீஞ்சூர் பக்கத்துல இருக்குற மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். அப்படியே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல முகூர்த்தப் புடவை தவிர மத்த துணியெல்லாம் எடுத்துடலாம்னு தங்கச்சி சொல்றா.

கார் நம்மளோடதுதான். ஆனா நான் காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை தாண்டி ஓட்டினது இல்ல. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, ரெண்டு முட்டியும் வலி, படி ஏற மாட்டாங்க. என் கேள்விகள்:

மேல்மருவத்தூர் போய் ஜி.எஸ்.டி. ரோடு (சென்னை–திருச்சி ஹைவே) பிடிக்கிறதா, காஞ்சிபுரம் போய் பெங்களூர் ஹைவே பிடிக்கிறதா?

மீஞ்சூர்ல இருந்து திருவொற்றியூர் வர்ற ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?

மூணு கோயிலையும் முடிச்சுட்டு வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊர் திரும்ப முடியுமா?

---

வெளிவட்டச் சாலை

போகும்போது மேல்மருவத்தூர் வழியே வாங்க. காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவுல ஆறுவழி ஆக்குற வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருக்கு. எங்க திருப்பி விட்டிருக்காங்கன்னு விடியற்காலை இருட்டுல தெரியாது. மேல்மருவத்தூர்ல ஏறினா வண்டலூர் வரைக்கும் பரனூர் டோல் ஒண்ணுதான்.

வண்டலூர்ல ஊருக்குள்ள போகாம இடது பக்கம் வெளிவட்டச் சாலையில ஏறிடுங்க. அது நசரத்பேட்டை, நெமிலிச்சேரி, செங்குன்றம் பக்கமா சுத்தி மீஞ்சூர்லதான் போய் முடியும், சுமார் அறுபது கிலோமீட்டர். நெமிலிச்சேரி வரைக்கும் 2014-லயே திறந்தாச்சு, மீஞ்சூர் வரைக்கும் 2021-ல. தாம்பரம், கிண்டி, சென்ட்ரல் எதையும் தொடாம நேரா மேலூர் வாசலுக்கு வந்துடுவீங்க. புதுசா ஓட்டுறவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப ரொம்ப கவனம். ரோடு அகலமா காலியா இருக்கும், கால் தானா அழுத்தும். ஆனா ஓரத்துல லாரியை நிறுத்திட்டுத் தூங்குவாங்க, பின்னாடி விளக்கு எரியாது. சில இடத்துல தெருவிளக்கும் எரியாது. மாடு படுத்திருக்கும். இடது ஓர லேன்ல போகாதீங்க, எண்பதைத் தாண்டாதீங்க. டீக்கடை, பாத்ரூம், பங்க் எதுவும் வழியில பெருசா கிடைக்காது. அம்மாவை வண்டலூருக்கு முன்னாடியே ஒரு பங்க்ல இறக்கிக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஃபாஸ்டேக்ல தாராளமா பணம் இருக்கட்டும், வெளிவட்டத்துலயும் டோல் உண்டு.

---

மீஞ்சூர் லோக்கல்

நான் தினமும் மீஞ்சூர்ல இருந்து ரயில்ல வேலைக்குப் போறவன். என் யோசனை வேற. மேலூர் தரிசனம் முடிச்சதும் காரை மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் விட்டுட்டு கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில்ல ஏறுங்க. நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், அடுத்தது திருவொற்றியூர். அரை மணிக்குள்ள இறங்கிடலாம். அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ. லாரி தொல்லையே இல்ல.

திரும்பி மீஞ்சூர் வந்து காரை எடுத்து, வெளிவட்டத்துல நெமிலிச்சேரி இறங்கி, ஆவடி வழியா திருமுல்லைவாயில். சுத்துதான், ஆனா நிம்மதியான சுத்து.

தாம்பரம் லைன் மாதிரி வண்டி அடுத்தடுத்து வராது. பராமரிப்பு வேலைன்னு சில நாள் வண்டியை ரத்தும் பண்ணுவாங்க, வியாழக்கிழமை சாயங்காலமே அறிவிப்பு பார்த்துக்குங்க.

---

வந்தவாசி வண்டி

அண்ணே, யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா பிளாட்பாரம் மாற மேம்பாலம் ஏறணுமே? ரயில்ல ஏறுற படியே அம்மாவுக்குக் கஷ்டம்தான். போகும்போது சமாளிச்சாலும் திரும்ப வரும்போது இன்னொரு தடவை ஏறி இறங்கணும். அவங்க முடியாதுன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அதுதான் எனக்குப் பயம்.

---

மீஞ்சூர் லோக்கல்

அப்படின்னா வேண்டாம். படி ஏற முடியாதவங்களை இதுல இழுக்கக் கூடாது. கார்லயே போங்க. ரோட்டைப் பத்தி அதுல ஓட்டுறவங்கதான் சொல்லணும்.

---

நாப்பதடி டிரெய்லர்

நான் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகம், சென்னைத் துறைமுகம் மூணுக்கும் டிரெய்லர் ஓட்டுறேன். நீங்க பயப்படுற அந்த வரிசையில நிக்கிறவன் நான்தான். தம்பி, பயப்படாத, ஆனா எங்க வண்டியைப் புரிஞ்சுக்கிட்டு ஓட்டு.

வரிசை ஏன் நிக்குதுன்னா, துறைமுக வாசல்ல உள்ள விடுற வேகம்தான் காரணம். உள்ளே ஒரு வண்டி தாமதமானா அதன் பின்னாடி ரோடு முழுக்க நிக்கும். எந்த நாள் எப்ப நிக்கும்னு எங்களுக்கே தெரியாது. ஆனா காலையில எட்டரையில இருந்து பத்து வரைக்கும் ஸ்கூல் வேன், ஆலை பஸ், பைக்குன்னு எல்லாம் சேர்ந்துக்கும், அந்த நேரம் வேண்டாம். மேலூர்ல நிதானமா சாமி கும்பிட்டு, டிபன் சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல கிளம்பு. உச்சிபூஜைக்குத் தாராளமா போய்ச் சேரலாம்.

இப்ப முக்கியமானது. நாப்பதடி கன்டெய்னர் ஏத்தின வண்டி இடது பக்கம் திரும்பணும்னா முதல்ல வலது பக்கம் அகட்டும். அதைப் பார்த்து "நேரா போறான்"னு நெனைச்சு இடது பக்கச் சந்துல நுழைஞ்சுடுவாங்க. பின் சக்கரம் உள்ளே வெட்டி வரும், நடுவுல மாட்டினா அவ்வளவுதான். எங்க கேபின்ல உட்கார்ந்தா இடது கதவுக்குக் கீழ ஒட்டி நிக்கிற கார் தெரியாது. மூக்குக்கு முன்னாடி ஒட்டி நின்னாலும் தெரியாது. உனக்கு என் கண்ணாடியில என் முகம் தெரிஞ்சா எனக்கும் நீ தெரியுறேன்னு அர்த்தம். தெரியலைன்னா பின்வாங்கிடு. கடக்கணும்னா வலது பக்கமா, ஒரே மூச்சுல கட. கடந்ததும் சட்டுனு எனக்கு முன்னாடி வந்து பிரேக் போடாத, லோடு வண்டி நினைச்ச இடத்துல நிக்காது.

நந்தியம்பாக்கம், மணலி புதுநகர் தாண்டி எம்.எஃப்.எல். (உர ஆலை) சந்திப்பு வரும். அங்க மணலி பக்கம் போற வண்டி எல்லாம் பிரியும். திருவொற்றியூர் போர்டு பார்த்து முன்னாடியே உன் லேனுக்கு வந்துடு, சிக்னல்ல குறுக்க வெட்டாத. கண்ணாடியை ஏத்தி விட்டு ஏ.சி.யை உள்காத்துல வை, நிலக்கரித் தூசியும் ஆலைப் புகையும் இருக்கும். பெரியவங்களுக்கு ஆகாது.

வழி தப்பி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல காசிமேடு பக்கம் மட்டும் போயிடாத. அது கடலோரமா நேரா போற ரோடு, பார்க்க அழகா இருக்கும், ஆனா துறைமுகத்துக்குப் போற வண்டி மொத்தமும் அங்கதான்.

---

தேரடித் தெரு

தம்பி, திருவொற்றியூர் கோயில் பக்கத்திலேயே எங்கள் வீடு. பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் சன்னதித் தெருவில் காரைக் கொண்டு வராதீர்கள், திருப்பவே முடியாது. அம்மாவையும் தங்கையையும் கோயிலுக்கு மிகப் பக்கத்தில் இறக்கிவிட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ நிலையங்களை ஒட்டி வண்டி நிறுத்த இடம் பார்த்து விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் ஆட்டோவில் வாருங்கள். கோயிலுக்கு நெருக்கமான நிலையம் "திருவொற்றியூர் தேரடி".

வடிவுடையம்மன் சன்னதிக்குத் தனி வரிசை, அதுதான் நீளமாக இருக்கும். நிற்க முடியாத பெரியவர் என்று வாசலில் இருக்கும் ஊழியர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் போட்டு வந்தால் வரிசை நகர நகர அம்மா உட்கார்ந்துகொள்ளலாம். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்வோம். நடை சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவாவது வரிசையில் இருக்க வேண்டும்.

அம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். இந்த ஊர் சுந்தரர் மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்துக் கல்யாணம் செய்த இடம். உங்கள் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும்போது தங்கையை அந்த மகிழமரத்தடியில் ஒரு நிமிடம் நிறுத்திக் கும்பிடச் சொல்லுங்கள். மூலவர் ஆதிபுரீஸ்வரரை வருடம் முழுவதும் கவசத்தோடுதான் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள்.

---

வந்தவாசி வண்டி

அக்கா, மகிழமரம் பத்திச் சொன்னதும் அம்மா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ரொம்ப நன்றி.

டிரெய்லர் அண்ணே, கண்ணாடி விஷயம் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்ல. திருவொற்றியூர்ல இருந்து திருமுல்லைவாயிலுக்கு எப்படிப் போறது? ராத்திரியே ஊருக்குத் திரும்புற கேள்வியும் அப்படியே இருக்கு.

---

நாப்பதடி டிரெய்லர்

ரெண்டு, ரெண்டரைக்குக் கிளம்பிடு. சாத்தாங்காடு, மணலி, மாதவரம் ரவுண்டானா. அங்க இருந்து மேப் உன்னை ரெட்டேரி, பாடின்னு இழுக்கும். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்குற பக்கம் அது, வேண்டாம். ஜி.என்.டி. ரோட்டுல (கொல்கத்தா ஹைவே) புழல் போய், சூரப்பட்டு, கள்ளிக்குப்பம் வழியா அம்பத்தூர் ஓ.டி. வந்துடு. ரோடு குறுகல், ஆனா நகரும். ஓ.டி.யில இருந்து ஆவடி பக்கம் போனா திருமுல்லைவாயில் வந்துடும்.

---

முல்லைவாயில்

கோயில் மெயின் ரோட்டில் இல்லை, உள்ளே போக வேண்டும். மாலை நடை திறக்கும்போதே வந்துவிட்டால் ஆறு மணிக் கூட்டத்துக்கு முன் தரிசனம் முடியும். இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும், அம்மாவிடம் காட்டுங்கள்.

ராத்திரி திரும்புவது பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெற்கே போகிற ஊரே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதோடு அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு விடும் சிறப்புப் பஸ்களும் கார்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வந்தவாசிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலை போகிற பாதி வண்டி உங்கள் ஊர் வழியாகத்தானே போகும். விடியற்காலை நான்கு மணியிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் அந்த நெரிசலில் ராத்திரி பத்து மணிக்கு ஓட்டக் கூடாது. கண் சொருகும்.

அம்பத்தூரில் தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள லாட்ஜிலோ அறை எடுங்கள். லிஃப்ட் ஓடுகிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சனிக்கிழமை காரைத் தொடவே வேண்டாம். அம்மா அறையில் ஓய்வெடுக்கட்டும். நீங்களும் தங்கையும் அம்பத்தூரில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்ணாரப்பேட்டையிலேயே இறங்கலாம், அங்கிருந்து எம்.சி. ரோட்டுக்கு ஆட்டோ. சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறிவிடாதீர்கள், அது வண்ணாரப்பேட்டை போகாது.

---

மீஞ்சூர் லோக்கல்

இதுதான் சரி. நேரம் மிச்சமிருந்தா வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் ராயபுரம் வரைக்கும் போய்ட்டு வாங்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்கு, உங்க பக்கத்துக்குத்தான், கிளம்புச்சு. பழைய கட்டடம் இன்னும் நிக்குது.

எம்.சி. ரோட்டுக்குக் கடை திறக்கிற நேரத்துலயே போயிடுங்க. மதியத்துக்கு மேல, அதுவும் முகூர்த்த மாசத்துல, நடக்க இடம் இருக்காது. மொத்தமா எடுக்கும்போது விலை பேசுங்க, கூச்சப்படாதீங்க.

---

வந்தவாசி வண்டி

முடிவு பண்ணிட்டோம். வெள்ளி விடியற்காலை நாலு மணிக்கு மேல்மருவத்தூர் வழி, வண்டலூர், வெளிவட்டம், மேலூர். பத்து மணிக்கு மேல திருவொற்றியூர். ரெண்டு மணிக்கு மணலி, புழல் வழியா திருமுல்லைவாயில். ராத்திரி அம்பத்தூர்ல தங்கல். சனிக்கிழமை ரயில்ல வண்ணாரப்பேட்டை. மடக்கு நாற்காலி பக்கத்து வீட்டுல வாங்கி வச்சாச்சு. தங்கினா காசிமேட்டுல மீன் வாங்கிட்டு வாங்கன்னு மாமா கேட்கிறார். முடியுமா? சனிக்கிழமை திரும்பும்போது காஞ்சிபுரம் வழி பரவாயில்லையா?

---

தேரடித் தெரு

காசிமேடு இந்த முறை வேண்டாம் தம்பி. விடியும் முன்பே அங்கே இருந்தால்தான் நல்ல மீன், நல்ல விலை. அம்பத்தூரிலிருந்து அதற்காக எழுந்து ஓடினால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். புதுத்துணிகளோடு ஒரே காரில் மீன் பெட்டியும் வைக்க வேண்டாம். மாமாவை ஒரு நாள் தனியாகக் கூட்டி வாருங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அது தவிர எப்போது வேண்டுமானாலும்.

---

வெளிவட்டச் சாலை

சனிக்கிழமை பகல்ல காஞ்சிபுரம் வழி தாராளமா போகலாம். அம்பத்தூர்ல இருந்து ஆவடி, நெமிலிச்சேரி, வெளிவட்டத்துல நசரத்பேட்டை, அங்க பெங்களூர் ஹைவே. வேலை நடக்குற இடமெல்லாம் வெளிச்சத்துல தெரியும். இருட்டுறதுக்குள்ள மாங்கால் கூட்டுரோடு தாண்டுற மாதிரி மூணு மணிக்கு முன்னாடி அம்பத்தூரை விட்டுடுங்க. வியாழக்கிழமை டயர் காத்து, ஸ்டெப்னி காத்து ரெண்டும் பாருங்க. ஸ்டெப்னியை யாரும் பார்க்கிறதே இல்ல.