அக்காவுக்கு டிஎம்எஸ் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாங்க, இது ஷாக் ட்ரீட்மென்டா?

கயல்88:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்கு 4 வருஷமா டிப்ரஷன். மூணு மாத்திரை மாத்தி மாத்தி பாத்தாச்சு, கவுன்சிலிங்கும் போறா, எதுவும் கேக்கல. முன்னெல்லாம் அவ மீன் கொழம்பு வெச்சா தெருமுனை வரைக்கும் வாசம் வரும், இப்ப குளிக்க வெக்கவே நாலு தடவ கூப்பிட வேண்டியிருக்கு. காந்தத்த வெச்சு மூளைய தூண்டுற டிஎம்எஸ் பண்ணி பாக்கலாம்ங்கறாங்க டாக்டர். அம்மா என்னடான்னா புள்ளைக்கு ஷாக் வெக்க போறாங்கன்னு ஒரே அழுகை. யாராவது பண்ணிருக்கீங்களா? வலிக்குமா, ஞாபகமறதி வருமா?

வார்டு_நர்ஸ்:
கயல், இது ஷாக் இல்லன்னு அம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்கம்மா. ஷாக் ட்ரீட்மென்ட்னு சொல்றது இசிடிய, அதுல மயக்க மருந்து குடுத்து, மூளைக்கு கரண்ட் வெச்சு வலிப்பு வரவெப்பாங்க. டிஎம்எஸ்ல மயக்கமே கிடையாது, சேர்ல முழிச்சிட்டே உக்காந்திருக்கலாம், நெத்திக்கு மேல இடது பக்கமா ஒரு கம்பிச்சுருள (காயில்) வெப்பாங்க, அதுல கரண்ட் விட்டு விட்டு பாயறப்ப உண்டாகுற காந்தப்புலம் மண்டையோட்ட தாண்டி போய் அந்த எடத்து நரம்பு செல்கள மட்டும் தூண்டும். ஞாபகமறதி பத்தி பயம் வேணாம். மொத நாள் கட்டைவிரல் துடிக்கிற அளவு பாத்துதான் ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு பவர்னு முடிவு பண்ணுவாங்க. அமெரிக்காவுல 2008லயே டிப்ரஷனுக்கு அனுமதி குடுத்தாச்சு.

தலையில உலோக கிளிப், காது கேக்கறதுக்காக உள்ள பொருத்துற காக்ளியர் இம்ப்ளான்ட் இருந்தாலோ, எப்பவாச்சும் வலிப்பு வந்திருந்தாலோ கண்டிப்பா சொல்லிடணும். வலிப்பு வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா மறைக்க கூடாது. இன்னொன்னு, இசிடியயும் பேய் மாதிரி பாக்காதீங்க, சோறு தண்ணி எடுக்காம, உயிர விடணும்னே இருக்கறவங்கள அதுதான் சீக்கிரமா காப்பாத்துது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

மழைக்காலம்:
நான் பண்ணிக்கிட்டவன். வாரத்துக்கு 5 நாள், ஆறு வாரம், 30 சிட்டிங். மரங்கொத்தி தலைமேல உக்காந்து கொத்துற மாதிரி இருக்கும், டக்டக்னு சத்தம் வேற, காதுக்கு பஞ்சு குடுப்பாங்க. மொத வாரம் தலைவலி, அப்புறம் பழகிருச்சு. மூணாவது வாரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல, விட்டுறலாம்னு இருந்தேன், என் மனைவிதான் கைய புடிச்சு இழுத்துட்டு போனா. நாலாவது வாரம் ஒருநாள் பஸ்ஸுல பழைய பாட்டு ஓடுச்சு, நானே கூட முணுமுணுத்துட்டு இருந்திருக்கேன், அவ பாத்துட்டு அழுதுட்டா. சிகிச்சைய விட தெனம் கெளம்பி போறதுதான் கஷ்டம், அதனால அக்கா கூட யாராச்சும் போங்க ப்ளீஸ். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

செல்வி_அம்மா:
எங்க வீட்டுக்காரருக்கு முழுசா பண்ணியும் கேக்கலமா, அதயும் சொல்லணும்ல. அப்புறம் லித்தியம்னு ஒரு மாத்திரைய சேத்து குடுத்துதான் கொஞ்சம் தெளிஞ்சாரு. இது இல்லன்னா வேற வழி இருக்குன்னு அக்காவுக்கு இப்பவே சொல்லி வைங்க, இல்லன்னா இதுவும் போச்சேன்னு ஒடஞ்சிடுவாங்க. தீட்டா பர்ஸ்ட்னு சீக்கிரமா முடியற டிஎம்எஸ் முறை அங்க இருக்கான்னும் கேளுங்க, 37 நிமிஷத்துக்கு பதிலா 3 நிமிஷத்துல முடிஞ்சிடும். கனடாவுல 414 பேர ரெண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு விதமா பண்ணி பாத்ததுல பலன்ல குறைச்சல் இல்லன்னு 2018ல வந்துச்சு.

கயல்88:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ்க்கா, நீங்க எழுதினத அம்மாவுக்கு சத்தமா படிச்சு காட்டினேன், அப்பதான் சொல்றாங்க, அக்கா எட்டாவது படிக்கறப்ப காய்ச்சல்ல ஒரு தடவ வலிப்பு வந்துச்சாம். டாக்டர்கிட்ட யாருமே சொல்லல. காலையில மொத வேலையா போன் பண்றேன்.