புதுப்பிப்பு: 500 லிட்டர் மீன் தொட்டியில் இறங்காத நைட்ரேட்

வாராவாரம் பாதித் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் (கழிவிலிருந்து தண்ணீரில் சேர்வது, அதிகமானால் மீனுக்கு ஆகாது) 80 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் 80 பங்கு) நிற்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னவருக்கு நன்றி. அதிலேயே 20! அப்படியானால் பாதி மாற்றியதும் 40 அல்ல, 50தான். இந்தக் கணக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனால் பெரிய குற்றவாளி கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி). மூன்று மாதமாகத் திறக்காத ஸ்பாஞ்சில் சேறு சேறாகக் கழிவு. மட்குவதெல்லாம் அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாகத்தானே வந்து நிற்கும்? அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா சாகாமலிருக்க, தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசினேன். தீனி இப்போது ஒருவேளைதான் (ஆஸ்கார் மீன்கள் இரண்டும் முறைக்கின்றன). நைட்ரேட்டை உறிஞ்சட்டும் என்று மணிபிளான்ட் வேர்களையும் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நேற்று தண்ணீர் மாற்றும் முன் பார்த்தது 40. அதுவும் சோதனை மருந்துக் குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகுதான். குலுக்காவிட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.