மதுரையில் டிராம் வராததும் டவுன் பஸ் வந்ததும்

மாசிவீதி (கேள்வி)

சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடியது. மதுரைக்கு 1875-இலேயே ரயில் வந்துவிட்டது. ஆலைத் தொழிலும் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் வேரூன்றிவிட்டது. அப்படியிருந்தும் இங்கே டிராம் ஓடியதாக நான் எங்கும் படித்ததில்லை. என்ன காரணம்? நகரப் பேருந்து இங்கே எப்படி உருவானது, எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் வண்டிகள் ஏன் பெரியார் பேருந்து நிலையத்தை நோக்கியே வருகின்றன என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். உள்ளூர் வரலாற்று மலர் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன். தனியார் நிறுவனமான டி.வி.எஸ்., அரசுக் கழகமான பாண்டியன் என்று இரண்டு பெயர்களை மட்டும் சொல்லி முடித்துவிட மனம் ஒப்பவில்லை.

வடகரை

டிராம் வராததற்கு நகரத்தின் அமைப்பையே முதற்காரணமாகச் சொல்வேன். 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த பிறகுதான் வெளி வீதிகள் உருவாயின. அந்தப் பணியை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயர்களை இன்றும் தெருக்கள் தாங்கி நிற்கின்றன. ஆனால் சுவர் போன பிறகும் ஊர் உடனே பரவிவிடவில்லை. கோயிலிலிருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒவ்வொரு வீதியாகக் கடந்தாலும் வெளி வீதியை நடந்தே சேர்ந்துவிடலாம்; ரயில் நிலையமோ மேல வெளி வீதியை ஒட்டியே அமைந்துவிட்டது. ஜார்ஜ் டவுனுக்கும் மயிலாப்பூருக்கும் புரசைவாக்கத்துக்கும் இடையே நாள்தோறும் மக்களை ஏற்றி இறக்க வேண்டியிருந்த சென்னையின் தேவை இங்கே இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்களுக்கு ஜட்கா எனும் குதிரை வண்டி இருந்தது, மற்றவர்கள் நடந்தார்கள்.

தேரையும் மறந்துவிடக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றிவரும் மாசி வீதிகளில் குறுக்கே போகும் மின்கம்பிகளைத் தேரோட்டத்துக்காக அவிழ்த்துக் கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. டிராமுக்குரிய மேல்கம்பியை அந்த வீதிகளில் நிரந்தரமாக இழுப்பதற்கு ஊரார் இசைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான். கட்டுரையில் சேர்ப்பதானால் ஊகம் என்றே குறிப்பிடுங்கள்.

பழங்காநத்தத்தான்

வடகரை ஐயா சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். உள்ளூரில் நடந்தே போக முடிந்தது என்பதால், மதுரைக்கு மோட்டார் வண்டி தேவைப்பட்டது சுற்றியுள்ள ஊர்களோடு தொடர்பு கொள்ளத்தான். 1912-இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் வளர்த்தெடுத்ததும் ஊருக்கு ஊர் செல்லும் சேவையையே. சதர்ன் ரோடுவேஸ் என்ற அவர்களது போக்குவரத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. ஆக, சென்னையைப் போல நகருக்குள் ஓடுவதற்கென்றே திட்டமிட்ட அமைப்பாக மதுரைப் போக்குவரத்து தொடங்கவில்லை. வெளியூர் வண்டிகள் ரயிலடிக்கு அருகே வந்து சேர்ந்தன, நகர வண்டிகளும் பிறகு அங்கிருந்தே கிளம்பின. ரயிலடிக்கு அருகே உள்ள பெரியார் நிலையத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

டி.வி.எஸ். பேருந்துகளின் நேரம் தவறாமையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த வேலையைக் கொஞ்சம் எழுதுங்கள். மாட்டு லாடங்களிலிருந்து கழன்று சாலையில் கிடந்த ஆணிகள் அக்காலத்து டயர்களைப் பதம் பார்த்தன. அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கக் காந்தம் பொருத்திய வண்டியையே சாலையில் ஓடவிட்டார்கள். பஞ்சர் ஆகாத வண்டிதானே குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும்? இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, மரக்கரியை எரித்து வாயு எடுக்கும் கலத்தை டி.வி.எஸ். தானே தயாரித்தது. அந்தக் கரி வண்டிகளின் பின்புறம் உயரமான உருளை ஒன்று பொருத்தியிருக்கும்; கிளீனர் கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, கைப்பிடியைப் பிடித்துக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே நிற்பார்; போதிய வாயு சேர்ந்த பிறகுதான் ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்ப முடியும். வழியில் மேடு வந்தால் வண்டி திணறும், பயணிகள் இறங்கி நடப்பார்கள். என் தகப்பனார் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கிளீனரின் கரி படிந்த கைகளைத்தான் முதலில் சொல்வார்.

மாசிவீதி

இருவருக்கும் மிக்க நன்றி. அரசுடைமையானதைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். பாண்டியன் என்ற பெயர் எப்போது மறைந்தது, எதனால்?

நெல்லைப்பேட்டை

பெரிய பேருந்து உரிமையாளர்களின் வண்டிகளை எடுத்துக்கொள்ளும் சட்டம் 1971-இல் வந்தது. அதன்படி 1972-இல் சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்தன. மதுரையில் டி.வி.எஸ்.ஸின் பேருந்துகள் பாண்டியன் ரோடுவேஸுக்குச் சென்றன. சதர்ன் ரோடுவேஸ் சரக்குப் போக்குவரத்தில் தொடர்ந்தது. தனியார் கையில் இருந்தபோது வருமானம் தரும் தடங்களுக்கே வண்டி கிடைத்தது என்பதையும், கழகம் வந்த பிறகுதான் பல கிராமங்கள் முதன்முதலாகப் பேருந்தைப் பார்த்தன என்பதையும் நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய நேர்த்தியைப் புகழும் கட்டுரைகள் இதை எளிதில் விட்டுவிடுகின்றன.

பாண்டியனிலிருந்து பிரிந்த கழகங்களுக்குக் கட்டபொம்மன், ராணி மங்கம்மாள், மருதுபாண்டியர் என்று பெயரிட்டார்கள். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்குக் கட்டபொம்மனின் படைத்தளபதியும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. அதன் பிறகே மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. பாண்டியன் என்ற பெயரும் அந்த அலையில்தான் போனது. நிர்வாக வசதிக்காகப் பெயர் மாறியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொதுப் போக்குவரத்தின் வரலாற்றில் யார் எந்த வண்டியில் ஏற மறுத்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான்.

பழங்காநத்தத்தான்

மிகவும் சரியாகச் சொன்னீர்கள். நிலையங்களைப் பற்றி மட்டும் நான் சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1999-இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் திறக்கும் வரை திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகள் எங்கள் பழங்காநத்தத்திலும், திருச்சி வண்டிகள் அண்ணா நிலையத்திலும், தேனிப் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்திலும் நின்றன. தெற்கேயிருந்து வந்து திருச்சி போக வேண்டியவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி, நகரத்தைக் குறுக்கே கடந்து, வைகையையும் தாண்டியாக வேண்டும். நடத்துநர் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துவிட்டு, அதைக் கால்வழியில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே வருவார். நெடுந்தூரப் பயணிகளை ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து சேர்ப்பது அன்றைய நகரப் பேருந்துக்கு உண்மையான வேலையாகவே இருந்தது. மாட்டுத்தாவணி வந்தது அந்தச் சுமையைப் பெருமளவு குறைத்தது.

வடகரை

ஆற்றைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1889-ஐச் சேர்ந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாகவே வடகரை வண்டிகள் நெடுங்காலம் கோரிப்பாளையத்துக்கு வந்தன. யானைக்கல் தரைப்பாலம் வைகையில் வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். ஆகவே தெற்கில் பெரியார், வடக்கில் கோரிப்பாளையம் என்ற இரண்டு முடிச்சுகளுக்குள் தடங்கள் எல்லாம் சிக்கிக்கொண்டன. 2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 ஆக விரிந்தது. ஆனால் புறநகரிலிருந்து அடுத்த புறநகருக்குப் போகிறவர் இன்றும் பெரும்பாலும் நகர நடுவுக்கு வந்துதான் வண்டி மாற வேண்டியிருக்கிறது. பலர் ஷேர் ஆட்டோவை நாடுவதும் இதனால்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கூடையோடு ஏறும் பெண்களுக்கு ஒரே தொல்லைதான் மிஞ்சியிருக்கிறது: அந்தக் கூடையோடு வழியில் இறங்கி இன்னொரு வண்டி ஏற வேண்டும். உங்கள் கட்டுரையில் தடங்களின் வரைபடம் ஒன்று சேர்ப்பீர்களானால், 1972-இன் தடங்களையும் இன்றைய தடங்களையும் ஒரே தாளில் வரைந்து காட்டுங்கள்.