அட்வென்ச்சர் முதல் பதிப்பு: எழுத்துகள் காணாமல் போகின்றன, உதவி தேவை

குகைத்தேடி
அட்வென்ச்சர் என்ற கணினி விளையாட்டின் பழைய சோர்ஸ், அதாவது மூல நிரல், கிடைத்து, அதைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி (கம்பைல்) செய்துவிட்டேன். ஓடுகிறது, ஆனால் எழுத்துகள் விட்டு விட்டு வருவதால் எதையும் படிக்க முடியவில்லை. என்ன தட்டினாலும் அந்தச் சொல் தெரியாது என்கிறது. மூன்று நாளாக இதே வேலை. யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா? கொஞ்சம் அவசரம்.

நீலத்திரை
எந்த அட்வென்ச்சர்? அடாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு 1980-இல் வந்ததா? வாரன் ராபினெட் தன் பெயரை ஒரு ரகசிய அறையில் ஒளித்து வைத்தாரே, அதுவா?

பழையநாடா
கம்பைல் என்கிறார், அப்படியானால் சொற்களைத் தட்டிக் குகைக்குள் நடக்கும் கொலாசல் கேவ் அட்வென்ச்சராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதிலும் எது? வில் கிரவுதர் தனியாக எழுதியதா, டான் வுட்ஸ் 1977-இல் பெரிதாக்கிய 350 மதிப்பெண் பதிப்பா, 1995-இல் வந்த 430 மதிப்பெண் பதிப்பா? எந்த கம்பைலர்? சோர்ஸில் கை வைத்தீர்களா? இதெல்லாம் சொல்லாமல் எப்படி உதவுவது?

வரிக்காவலன்
இது வரிமுடிவுக் குறி பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். பழைய பைலை வேறு கணினிக்குக் கொண்டுவந்தால் முதலில் உதைப்பது அதுதான். ஒரு தடவை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

ஆணிவேர்
தம்பி, இந்தக் கேள்விக்கு நான் மட்டுமே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிடிபி-10 என்ற பழைய பெருங்கணினிக்கு எழுதிய நிரலை மடிக்கணினியில் கம்பைல் செய்துவிட்டு "ஓடுகிறது" என்று சொல்லக் கூடாது, அது ஓடவில்லை. பழைய கணினியைப் போலவே நடிக்கும் சிம்எச் எமுலேட்டரை இறக்குங்கள், பிடிபி-10-இன் இயங்குதளமான டாப்ஸ்-10 நிறுவுங்கள், அதற்குள் இருக்கும் ஃபோர்ட்ரான் மொழி கம்பைலரில் கம்பைல் செய்யுங்கள். அடிப்படை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

குகைத்தேடி
மன்னிக்கவும், அவசரத்தில் பாதியை விட்டுவிட்டேன். கிரவுதருடையதுதான். வுட்ஸின் பழைய மாணவர் கணினிக் கணக்கின் காப்புப் பிரதியிலிருந்து 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் மீட்டார்களே, 1977 மார்ச் 11 தேதியோடு, அந்த பைல். கம்பைலர் ஜிஃபோர்ட்ரான், கணினி 64 பிட் லினக்ஸ். திரையில் எழுதும், தட்டுவதை வாங்கும் பழைய கட்டளைகளான டைப், ஆக்செப்ட் வரிகளை ரைட், ரீட் என்று மாற்றினேன். தரவுப் பைலில் டேப் வைத்து எண்ணையும் வாசகத்தையும் நானே பிரித்தேன். வரிமுடிவையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

350 மதிப்பெண் பதிப்பைப் பல தடவை முடித்திருக்கிறேன். வுட்ஸ் கை படுவதற்கு முன் அந்தக் குகை எப்படி இருந்தது என்று ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வரிக்காவலன்
எந்தக் கருவியால் மாற்றினீர்கள்? சில கருவிகள் பாதியில் நிறுத்திவிடும். இன்னொரு தடவை செய்து பாருங்கள்.

முப்பத்தாறு
குகைத்தேடி, "நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள்" என்ற முதல் வரி வருகிறதல்லவா? அதில் எந்தெந்த எழுத்து இல்லை என்று இடத்தோடு எண்ணிச் சொல்லுங்கள். இடைவெளிகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

குகைத்தேடி
முதலில் ஒய். அப்புறம் ஆர், ஏ, ஜி, டி. இடங்கள் 1, 6, 11, 16, 21. அந்த இடங்கள் வெற்றாக இருக்கின்றன.

முப்பத்தாறு
ஐந்தைந்தாகத் தாவுகிறது, கவனித்தீர்களா? வரிமுடிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிடிபி-10-இல் ஒரு வேர்டுக்கு, அதாவது இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் அலகுக்கு, 36 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்றால் ஒரு வேர்டில் ஐந்து எழுத்து அடங்கும், ஒரு பிட் மிச்சம். கிரவுதர் வாசகம் முழுவதையும் ஏ5 என்ற வடிவில் ஐந்தைந்து எழுத்தாக முழுஎண் மாறிகளில் வைத்திருக்கிறார். உங்கள் கம்பைலரில் முழுஎண் 4 பைட். ஐந்து எழுத்தை நான்கு பைட்டில் வாங்கும்போது ஃபோர்ட்ரான் வலப்பக்க நான்கை வைத்துக்கொண்டு முதல் எழுத்தைக் கீழே போட்டுவிடும். அதையே ஐந்து இடத்தில் எழுதும்போது முன்னால் ஒரு வெற்றிடம் சேர்க்கும். உங்கள் ஒய் போனது இப்படித்தான்.

முழுஎண்ணை 8 பைட்டாக்கும் சுவிட்ச் ஜிஃபோர்ட்ரானில் இருக்கிறது: எஃப்-டிஃபால்ட்-இன்டிஜர்-8. அதைப் போட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

குகைத்தேடி
முழு வரியும் வந்துவிட்டது! "செங்கல் கட்டடம்" வரை அப்படியே படிக்க முடிகிறது. ஆனால் பில்டிங் என்று தட்டினால் இன்னும் தெரியாது என்கிறது.

முப்பத்தாறு
நீங்கள் தட்டுவதை வாங்கிச் சொற்களாகப் பிரிக்கும் கெட்இன் பகுதியில் ஏதாவது மாற்றினீர்களா?

குகைத்தேடி
பெரிதாக ஒன்றுமில்லை. மேற்கோள் குறியோடு தொடங்கும் சில எண்களை கம்பைலர் ஏற்கவில்லை, குறியை மட்டும் எடுத்துவிட்டேன். எண் அளவு மீறுகிறது என்றது, அதையும் ஒரு சுவிட்ச் போட்டு அடக்கினேன்.

முப்பத்தாறு
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்தக் குறி அலங்காரத்துக்கு இல்லை, அந்த எண்கள் எட்டடிமானத்தில், அதாவது ஆக்டலில் எழுதியவை. குறியை எடுத்ததும் மதிப்பே வேறாகிவிட்டது. திருத்திப் போட்டாலும் பயனில்லை. அவை 7 பிட் எழுத்துகளைப் பிட் பிட்டாக நகர்த்திப் பிரிக்கும் கணக்கு, உங்கள் கணினியின் 8 பிட் எழுத்தில் பொருந்தாது.

கெட்இன்னை முழுவதும் தூக்கிவிடுங்கள். ஒரு வரி வாங்குங்கள், பெரிய எழுத்தாக்குங்கள், இடைவெளியில் உடைத்து ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொல் பட்டியலிலும் பில்டிங் ஐந்தெழுத்தாகத்தான் நிற்கிறது. ஸைஸி (XYZZY) என்ற மாயச்சொல்லுக்கும் ஆங்கிலத்தில் சரியாக ஐந்தெழுத்து, ஒரு வேர்டில் கச்சிதமாக உட்காரும்.

ஆணிவேர்
இவ்வளவு வெட்டி ஒட்டிய பிறகு அது கிரவுதர் எழுதியதா, நீங்கள் எழுதியதா? எமுலேட்டரில் ஓர் எழுத்தைக் கூடத் தொட வேண்டியதில்லை. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பழையநாடா
அறைகள் அவருடையவை, வாசகம் அவருடையது, வழிகள் அவருடையவை. சொல் வாங்கும் ஒரு பகுதியை மாற்றினால் குகை மாறிவிடுமா? கென்டக்கியின் மாமத் குகையில் பெட்க்வில்ட் பகுதியில் அவர் நேரில் தவழ்ந்து, அளந்து, வரைபடம் போட்ட இடம் அது. முதல் மனைவி பாட்ரிசியா கிரவுதர் 1972-இல் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியையும் மாமத் குகையையும் இணைத்துக் காட்டிய குழுவில் இருந்தவர். மணமுறிவுக்குப் பிறகு மகள்கள் இருவரும் ஆட வேண்டும் என்றுதான் இதை எழுதினார். எனக்கு அசல் என்பது இதுதான், இயந்திரம் இல்லை.

நீலத்திரை
அப்படிச் சொன்னால் வுட்ஸ் செய்தது ஒன்றுமில்லையா? பூதமும் கரடியும் கொள்ளைக்காரனும் அவர் கொண்டுவந்தவை. அனுமதி கேட்க அன்றைய வலையமைப்பில் தெரிந்த ஒவ்வொரு கணினிக்கும் கிரவுதர் பெயருக்குக் கடிதம் அனுப்பிய மனிதர் அவர். உலகம் ஆடியது அவர் பதிப்பைத்தான்.

பழையநாடா
அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "எல்லாம் ஒரே மாதிரி" என்ற சிக்கல் வழி கிரவுதருடையது, "எல்லாம் வேறு வேறு" என்பது வுட்ஸ் சேர்த்தது. இரண்டையும் ஒரே பதிப்பில் ஆடினால் யார் கை எங்கே என்று தெரியாது. குகைத்தேடி கேட்பது அதைத்தானே.

ஆணிவேர்
நான் சொன்னது முறை பற்றி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குகைத்தேடி
கெட்இன்னை மாற்றி எழுதிவிட்டேன், ஓடுகிறது! சாவியை எடுத்துக்கொண்டு கிராதியைத் திறந்து கீழே இறங்கினேன். கூண்டு, கறுப்புக் கோல், பறவை எல்லாம் எனக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கின்றன. கை நடுங்கிவிட்டது. முப்பத்தாறு, மிக்க நன்றி. ஒன்று மட்டும்: ஸ்கோர் என்று தட்டினால் தெரியாது என்கிறதே, இன்னும் ஏதாவது தப்பா?

முப்பத்தாறு
தப்பில்லை. கிரவுதர் பதிப்பில் மதிப்பெண்ணே கிடையாது, அதுவும் வுட்ஸ் சேர்த்ததுதான். நீங்கள் எழுதிய கெட்இன்னை இங்கே போடுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

பழையநாடா
குகைத்தேடி, இருக்கிறீர்களா? எனக்கும் அந்தப் பகுதி வேண்டும்.